எனே-ஃபார்ம்: வெந்நீர் செலவாகும் வீட்டுக்கு ஒரு மின் நிலையம்

ஜப்பானில் சொந்த வீடு வாங்கும் நம்மவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: எரிவாயுவிலிருந்து மின்சாரமும் வெந்நீரும் தரும் எனே-ஃபார்ம் என்ற வீட்டுச் சாதனத்தை வைக்கலாமா, வேண்டாமா? நான்கு பேர் நாள்தோறும் தொட்டி நிறைய வெந்நீரில் குளிக்கும் வீடு என்றால் தயங்காமல் வையுங்கள். கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குப் போய், இரவு ஷவரில் அவசரமாகக் குளித்துவிட்டுப் படுக்கும் வீடு என்றால் அந்தப் பணத்தை வேறு நல்ல செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எனே-ஃபார்ம் ஒரு நிறுவனத்தின் பெயரல்ல. வீட்டு உபயோகத்துக்கான எரிபொருள் மின்கலத்துக்கு அங்குள்ள எரிவாயு நிறுவனங்களும் தயாரிப்பாளர்களும் வைத்துக்கொண்ட பொதுப்பெயர். 2009 இல் கடைக்கு வந்தது. குழாயில் வரும் எரிவாயுவில் கசிவை உணர்த்துவதற்காகக் கலந்திருக்கும் கந்தகத்தை முதலில் நீக்கி, பிறகு நீராவியோடு சேர்த்துச் சூடாக்கி, ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கிறது. அந்த ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் மின்கலத்தில் வினைபுரியும்போது மின்சாரமும் வெப்பமும் சேர்ந்தே கிடைக்கின்றன. அந்த வெப்பம் தண்ணீரைச் சுடவைத்துச் சாதனத்தின் சேமிப்புத் தொட்டியில் நிரப்புகிறது. இதற்கு முன் 2003 முதல் விற்ற எகோவில் என்ற சாதனம் ஹோண்டாவின் எரிவாயு எஞ்சினை வைத்து இதே வேலையைச் செய்தது. எனே-ஃபார்மில் எஞ்சினே இல்லை. எங்கள் பெட்டி படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கிறது. இரவில் காது கொடுத்துக் கேட்டால் ஒரு மெல்லிய காற்றோட்டச் சத்தம், அவ்வளவுதான்.

மின்கலத்தில் இரண்டு வகை உண்டு. டோக்கியோவை அடுத்த சிபாவில் உள்ள எங்கள் வீட்டில் பாலிமர் சவ்வு வகையைப் பொருத்தியிருக்கிறோம். அதன் உச்ச மின் உற்பத்தி 700 வாட். குளிர்சாதனப் பெட்டி, விளக்குகள், தொலைக்காட்சி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். சோற்றுக் குக்கரும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் மீதி மின்சாரம் வெளி இணைப்பிலிருந்து தானாகவே வந்து சேரும். இந்த வகையில் எரிவாயுவின் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதம் மின்சாரமாகிறது, 50 சதவீதத்துக்கு மேல் வெந்நீராகிறது. ஆக, வாங்கிய எரிவாயுவின் பெரும்பகுதி வெந்நீர்த் தொட்டிக்குத்தான் போகிறது. அந்த நீரை நீங்கள் செலவழிக்காவிட்டால் தொட்டி நிரம்பிவிடும். நிரம்பினால் மின் உற்பத்தியும் நின்றுவிடும். விற்பனையாளர்கள் மின்கட்டணத்தைப் பற்றித்தான் விரிவாகப் பேசுவார்கள். நீங்கள் முதலில் உங்கள் வீட்டு வெந்நீர்க் கணக்கைப் பாருங்கள்.

வீட்டார் எந்த நேரத்தில் குளிக்கிறார்கள் என்பதைச் சாதனமே கற்றுக்கொண்டு, அதற்கேற்ப முன்னதாக வேலையைத் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் இரவு ஏழு மணிக்குப் பிறகு குளியல் தொட்டி நிரம்பும். ஜனவரி மாதத்தில் இதன் அருமை சமையலறையிலும் தெரியும். விரல் மரத்துப்போகும் குழாய்த் தண்ணீரில் உளுந்து கழுவிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் பாத்திரம் கழுவிக்கொண்டே, "இந்தப் பெட்டியை மட்டும் விற்றுவிடாதே அம்மா" என்றார். அரைத்த மாவைக் குளியலறையில், மூடி போட்ட குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் காலையில் பொங்கியிருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் நிலைமை தலைகீழ். வெந்நீர் யாருக்கும் வேண்டியிருக்காது. ஏசி மின்சாரத்தை விழுங்கும் அந்த நாட்களில்தான் பெட்டி அதிக நேரம் சும்மா நிற்கும்.

மின்சாரம்தான் முக்கியம் என்பவர்களுக்கு இரண்டாவதான திட ஆக்சைடு வகை இருக்கிறது. ஐசின் தயாரிக்கும் 'டைப் எஸ்' 2012 இல் வந்தது. உள்ளே 700 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் இருப்பதால் அதை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது நல்லதல்ல. இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். மின் உற்பத்தித் திறன் அதிகம், தண்ணீர்த் தொட்டி மிகச் சிறியது. குளியலுக்கான வெந்நீரில் பெரும்பகுதியைத் துணை பாய்லர்தான் தர வேண்டியிருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு மாத காலம் எரிவாயு ஓட்டம் நிற்காமலே இருந்தால் ஜப்பானிய மீட்டர் அதைக் கசிவு என்று சந்தேகித்து எச்சரிக்கும். அதற்காகவே இந்த வகை சாதனம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒருமுறை ஒரு நாள் ஓய்வெடுக்கிறது.

விலைதான் பெரிய தடை. 2009 இல் 30 லட்சம் யென்னுக்கு மேல். அரசு மானியம் கணிசமாகக் கொடுத்துத்தான் மக்களை வாங்க வைத்தது. பின்னர் விலை வெகுவாக இறங்கியது, என்றாலும் வெறும் பாய்லரோடு ஒப்பிட்டால் இன்றும் பல மடங்கு. கட்டண மிச்சத்தை மட்டும் வைத்துப் போட்ட பணத்தை மீட்க முடியுமா என்று கேட்டால், எங்கள் அளவு வெந்நீர் செலவழிப்பவர்களுக்கே அது நெடுங்காலப் பயணம். கரியமில வாயு (கார்பன் டை ஆக்சைடு) வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூலப்பொருள் மீத்தேன்; கரியமில வாயு வரத்தான் செய்யும். தொலைவிலுள்ள அனல்மின் நிலையத்தில் வீணாகும் வெப்பம் இங்கே குளியல் தொட்டிக்குப் போகிறது, சிக்கனம் அதில் இருக்கிறது. எனக்கு அதுவே போதுமான நியாயமாகப் படுகிறது.

மின்தடையைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். 2011 பூகம்பத்தின்போது வீடுகளில் இருந்த எனே-ஃபார்ம்களால், வெளி மின்சாரம் போனதும் இயங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் மின்தடையிலும் ஓடும் மாதிரிகள் வந்தன. 2019 செப்டம்பரில் ஃபாக்சாய் புயல் சிபாவையும் சுற்றுப்புறத்தையும் இருட்டாக்கியபோது 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டி, ஒரு விளக்கு, கைபேசி ஆகியவற்றுக்கான மின்சாரம் வீட்டிலேயே கிடைப்பது அப்படிப்பட்ட நாளில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இங்கே வசிப்பவர்கள் அறிவார்கள். எங்கள் மாதிரியில் அதற்கென்று தனிப் பிளக் இருக்கிறது, 500 வாட் வரை தரும். ஆனால் எரிவாயு வந்துகொண்டிருக்க வேண்டும். நில அதிர்வு, அந்தந்த இடத்தில் உணரப்படும் குலுக்கலை அளக்கும் ஜப்பானிய அளவுகோலில் 5 ஐத் தொட்டால் மீட்டர் எரிவாயுவைத் தானே அடைத்துவிடும். போய்ப் பொத்தானை அழுத்தி மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். பழைய வீட்டை வாங்குபவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தனிப் பிளக் இருக்கிறதா, எந்தச் சுவரில் இருக்கிறது, மின்சாரம் போகும் நேரத்தில் பெட்டி ஓடாமல் நின்றிருந்தால் அதைத் திரும்பத் தொடங்க வைக்க வழி உண்டா என்று கேளுங்கள்.