ஹட்டனில் ஒரு போன் கடை: அம்மாவைத் திட்டாமல் கற்றுக்கொடுத்த இடம்

ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கடை இது. நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். முன்பக்கம் போன் கவர், சார்ஜர், இயர்போன் எல்லாம் சரம் சரமாகத் தொங்கும், உள்ளே ஒரு கண்ணாடி மேசை, அதற்குப் பின்னால் லென்ஸ் பொருத்திய விளக்குக்குக் கீழே குனிந்தபடி கடைக்கார அண்ணன். ரீலோட், போட்டோகொப்பி, டிஸ்ப்ளே மாற்றுவது என்றுதான் போர்டில் இருக்கிறது. நான் எழுத வந்தது போர்டில் இல்லாத வேலையைப் பற்றி. கள்ள அழைப்பில் மாட்டிக்கொண்டவர்களை உட்கார வைத்து, போனைப் பூட்டி, இனிமேல் எப்படிப் பேச வேண்டும் என்று பழக்கியும் விடுகிறார்.

கடையின் பெயரை நான் போடவில்லை. பெயர் வெளியே வந்தால் "அந்தக் கடையிலிருந்து பேசுகிறோம்" என்றே எவனாவது நாளைக்கு அழைப்பான் என்று அண்ணன் சொன்னார், அது நியாயமாகப் பட்டது. அந்தப் பக்கம் போய், கள்ள போனுக்கு வழி சொல்கிற அண்ணன் எங்கே என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

நாங்கள் போன காரணத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அம்மா நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார், நான் கொழும்பில் வேலை. தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர், மலையில் இருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்த நேரம் அம்மாவுக்கு ஒரு அழைப்பு. நல்ல தமிழ், நம் பக்கத்துப் பேச்சு. "வணக்கம்மா, சாப்பிட்டீங்களாம்மா? உங்க நம்பருக்குப் பொங்கல் பரிசு விழுந்திருக்கும்மா. இப்ப ஒரு ஆறு நம்பர் வரும், அத மட்டும் பாத்துச் சொல்லிருங்க, நான் லைன்லயே இருக்கேன்." அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நாலாம் வகுப்புப் பிள்ளை, இலக்கத்தை மட்டும் சரியாக வாசித்தது. இதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அதே மெசேஜில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த வரியை வாசிக்க அங்கே ஆள் இல்லை.

அது அம்மாவின் வட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கிற கோட். கொஞ்ச நேரத்திலேயே அம்மாவின் படத்தோடு, அம்மாவின் பெயரில் சொந்தக்காரர் எல்லாருக்கும் மெசேஜ் போகத் தொடங்கிவிட்டது. அவசரமாகக் காசு வேண்டும், பொங்கல் முடிந்ததும் தருகிறேன், இந்தக் கணக்குக்குப் போடுங்கள் என்று. அம்மா ஒருநாளும் டைப் பண்ணமாட்டார், வாய்ஸ் மெசேஜ்தான் போடுவார். வந்த மெசேஜோ ஆங்கில எழுத்தில் தமிழ்! யாருக்கும் அது உறைக்கவில்லை. வத்தளையில் இருக்கிற சித்தி மகன் 25,000 போட்டுவிட்டார். அடுத்த லயத்து அக்கா சீட்டுக்காசில் இருந்து 15,000 எடுத்துத் தன் மகனிடம் கொடுத்துப் போட வைத்தார். மொத்தம் 40,000. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாட்சம்பளக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட முப்பது நாள் கொழுந்து பறித்த காசு. அம்மா தோட்டை அடகு வைத்து இரண்டு பேருக்கும் கட்டினார், யாரும் கேட்காமலே.

அதைவிடப் பெரிய இழப்பு, எல்லாரும் அம்மாவைத் திட்டியது. நானும் திட்டினேன். போனில் சத்தம் போட்டேன். பொங்கலன்று கோயிலுக்குக்கூட அவர் வரவில்லை, ஆட்கள் கேட்பார்கள் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்த நாளை நினைத்தால் இன்னும் மனசு குத்துகிறது.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் அத்தை சொல்லி இந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். அம்மா வர மறுத்தார், போனை மட்டும் கொண்டுபோ என்றார். அண்ணனிடம் கேட்டபோது, அம்மா வராமல் செய்து பிரயோசனம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

கடையில் இருப்பது ஒரே ஒரு ஸ்டூல், அதை அம்மாவுக்குக் கொடுத்தார். முதல் கேள்வியே, "எத்தனை பேருக்கும்மா காசு போச்சு?" ஏன் சொன்னீர்கள், ஏன் யோசிக்கவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. முந்தின கிழமை இதே மாதிரி ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் வந்ததைச் சொன்னார். பிறகு, 2024 ஒக்டோபரில் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஹோட்டலில் இருந்து இணைய மோசடி செய்ததாக நூறுக்கு மேற்பட்ட சீன நாட்டவரைப் பொலிஸ் பிடித்ததைச் சொன்னார். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகளை மியன்மாரில் அடைத்து வைத்து இதே வேலையைச் செய்ய வைத்ததையும் சொன்னார். "இது ஒரு ஆளோட வேலை இல்லம்மா. கட்டடம் புடிச்சு, ஆள் வச்சு, என்ன பேசணும்னு எழுதிக் குடுத்துச் செய்யுற தொழில். அவ்வளவு பேர் சேந்து ஒங்கள ஏமாத்திருக்காங்க." அம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

அப்புறம் வேலை. வட்ஸ்அப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டு, அம்மாவின் நம்பரைக் கொடுத்து, வந்த கோடை அடித்ததும் அந்தப் பக்கம் இருந்தவன் வெளியே போய்விட்டான். ஆனால் அவன் போகும் முன்னமே ஒரு பின் நம்பர் போட்டு வைத்திருந்தான். அப்படி இருந்தால் ஏழு நாள் காத்திருந்துதான் உள்ளே போக முடியும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது, யாராவது காசு வாங்கிக்கொண்டு இன்றைக்கே திறந்து தருகிறேன் என்றால் அவனும் கள்ளன் என்றார். சுவர்க் கலண்டரில் திகதியைச் சுற்றி வட்டம் போட்டார். ஏழு நாள் கழித்துத் திரும்பப் போனபோது அம்மாவுக்கு மறக்காத ஆறு இலக்கம் ஒன்றை அவரையே யோசிக்கச் சொல்லி, தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, அம்மாவின் விரலாலேயே அடிக்க வைத்தார். வேறு எந்தக் கருவியில் இந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்ப்பது, தெரியாத நம்பரில் இருந்து வட்ஸ்அப்பில் வரும் அழைப்புக்குச் சத்தம் வராமல் செய்வது, வெளியில் இருந்து வரும் ஆப் எதுவும் ஏறாமல் பூட்டுவது எல்லாம் கூடவே நடந்தது. அழைப்பவரின் பெயரைக் காட்டும் ஆப் போடலாமா என்று கேட்டேன். அதில் வரும் பெயர் மற்றவர்கள் சேமித்து வைத்த பெயர், பேங்க் என்று காட்டினாலும் அது பேங்க் என்று ஆகாது என்றார். அம்மா போன்றவர்களுக்கு அது வீண் தைரியம் கொடுக்கும் என்பது அவருடைய எண்ணம், எனக்கும் சரியாகவே பட்டது.

இந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கத் தோன்றியது அதற்குப் பிறகு நடந்ததற்காக. அண்ணன் இன்னொரு போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். அம்மாவின் போன் அடித்தது. "வணக்கம்மா, பேங்க்ல இருந்து பேசுறேன், ஒங்க காட் இன்னிக்கு நிப்பாட்டப் போறாங்கம்மா." அது அவர்தான் என்று அம்மாவுக்குத் தெரியும், ஆனாலும் "சொல்லுங்க தம்பி" என்று ஆரம்பித்துவிட்டார்! இரண்டாம் தடவை அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக் காசு வந்திருக்கிறது, அடையாள அட்டை நம்பர் சொல்லுங்கள் என்று. அம்மா பேசாமல் இருந்தார், கட் பண்ணவில்லை. உள்ளே வந்து ஏன் என்று கேட்டபோது, பேசிக்கொண்டிருக்கிற ஆளை எப்படித் தம்பி பாதியில் வெட்டுவது, மரியாதை இல்லையே என்றார். நம் அம்மாமார் மாட்டுவது ஆசையில் என்று நான் நினைத்திருந்தேன். கூப்பிட்ட ஆளுக்குப் பதில் சொல்லாமல் விட அவர்களுக்குக் கை வராது, அதைப் பிடித்துத்தான் இவர்கள் ஏறுகிறார்கள் என்று எனக்கு அந்த ஸ்டூல் பக்கத்தில் நின்றபோதுதான் விளங்கியது. அண்ணன் ஒரு வசனம் சொல்லிக்கொடுத்தார்: "மகன்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன், வைக்கிறேன்." மரியாதையும் போகவில்லை, பேச்சும் முடிந்துவிட்டது. நாலாம் தடவை அம்மா அதைச் சொல்லிவிட்டு டக்கென்று வைத்தார். கடையில் நின்ற ரீலோட் போட வந்த பையன்கள் கைதட்டினார்கள்.

போகும்போது பஸ் டிக்கட் அளவில் லெமினேட் பண்ணிய துண்டு ஒன்று கொடுத்தார், போன் கவருக்குள் பின்பக்கமாகச் செருகி வைக்க. மார்க்கர் பேனையில் தமிழில் பெரிய எழுத்தில், "வந்த நம்பரை வாயால் சொல்லாதே. காசு கேட்டால் குரலைக் கேள்." கீழே இரண்டு இலக்கம், இணையத் தாக்குதலுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101, வங்கி சம்பந்தமான முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935. குரலைக் கேள் என்றால், எவ்வளவு நெருங்கிய சொந்தம் மெசேஜில் காசு கேட்டாலும் சாதாரண அழைப்பு எடுத்துப் பேசிவிட்டுத்தான் போட வேண்டும் என்று அர்த்தம். சித்தி மகன் அந்த ஒரு அழைப்பை எடுத்திருந்தால் 25,000 மிஞ்சியிருக்கும்.

போன காசு திரும்ப வருமா என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்று முதலே சொல்லிவிட்டார். காசு போட்டவுடனே அனுப்பிய வங்கிக்கு அழைத்திருந்தால் நிறுத்தி வைக்கச் சந்தர்ப்பம் இருந்திருக்கும், நாங்கள் பல நாள் பிந்திவிட்டோம். ஆனாலும் பொலிஸில் முறைப்பாடு போட வேண்டும் என்று நின்றார். காசு போன கணக்கு இலக்கம், நேரம், ஸ்க்ரீன்ஷொட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, நடந்ததைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதியும் கொடுத்தார். நாங்கள் போன இடத்தில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில்தான் எழுதினார்கள், அந்தத் தாள் இல்லாவிட்டால் அம்மா சொன்னதில் பாதி விடுபட்டிருக்கும்.

மின்னஞ்சலுக்கும் இவர்தான். அக்கா வீட்டுக்காரர் சுற்றுலா ஊரான எல்லயில் நான்கு அறை வைத்து கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். அறை பதிவு செய்யும் தளம் அனுப்பியதுபோலவே அவருக்கு ஒரு மின்னஞ்சல், தங்கிப்போன விருந்தாளி மூட்டைப்பூச்சி என்று புகார் கொடுத்திருக்கிறார், 24 மணித்தியாலத்துக்குள் பதில் தராவிட்டால் எல்லாருக்கும் தெரிய வரும் என்று. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அதைப் படித்ததும் வயிறு கலங்கும். லிங்கைத் தட்டினால் நான் ரோபோ இல்லை என்ற பெட்டி, அதைத் தட்டினால் விண்டோஸ் பட்டனோடு ஆர், பிறகு கண்ட்ரோல் வி, பிறகு என்டர் அழுத்தச் சொல்லி மூன்று படி. இரண்டாவது படியில் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நீளமாக என்னவோ வந்து விழுந்ததைப் பார்த்துப் பயந்து, படம் எடுத்து இந்த அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறார். உடனே வாய்ஸ் வந்தது, "என்டரைத் தொடாதீங்க மச்சான், அப்புடியே மூடுங்க." அந்த இணையப் பக்கமே சத்தமில்லாமல் ஒரு கட்டளையைக் கொப்பி பண்ணி வைத்துவிட்டு, நம் கையாலேயே அதை ஓட வைக்கிறது. ஓடியிருந்தால் கம்ப்யூட்டரில் இருந்த பாஸ்வேர்ட் எல்லாம் போயிருக்கும்.

லிங்க் வாசிக்கவும் ஒரு வழி சொன்னார். பொதி வந்திருக்கிறது, முகவரி பிழை என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்தியை வைத்துக் காட்டினார். எச்டிடிபிஎஸ் பக்கத்துக் கோடுகளை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன முடிகிறது என்று மட்டும் பார். தபால் திணைக்களத்தின் உண்மையான தளம் என்றால் அங்கே கவ் டொட் எல்கே (gov.lk) என்று முடியும். அதற்கு முன்னால் போஸ்ட் என்று எத்தனை தடவை எழுதியிருந்தாலும் கணக்கில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பத்தாம் திகதிச் சம்பளம் போட்ட கிழமையும் போனால் ரீலோட் கூட்டத்தில் உங்கள் கதையை எல்லாரும் கேட்பார்கள், மறைவாகப் பேச இடம் இல்லை. ரசீது கொடுப்பதில்லை. திருத்தப் போகும் போனின் லொக்கை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறார், இவ்வளவு கவனமான மனிதர் அதைச் செய்யக்கூடாது. முகத்துக்கு நேரே சொன்னேன், இனி வேலை முடிந்ததும் கிழித்துவிடுகிறேன் என்றார். இரண்டாவது தடவை போனபோது அந்தக் கொப்பியில் அம்மாவின் பக்கம் இல்லை, மற்றவர்களுடையதைப் பற்றி எனக்குத் தெரியாது. லொக்கை எழுதிக் கொடுக்காமல் கூடவே நின்று நீங்களே திறந்து கொடுங்கள்.

எங்களிடம் 500 ரூபா வாங்கினார், இரண்டு தடவைக்கும் சேர்த்து. தனியாக வருகிற வயதானவர்களிடம் வாங்குவதில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

போவதென்றால் செவ்வாய், புதன் காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள். சிம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரையும் அவருடைய அடையாள அட்டையையும் கூட்டிப்போங்கள். எங்கள் பக்கம் பாதி அம்மாமாரின் சிம் மகன் பெயரிலோ, விற்ற கடைக்காரன் பெயரிலோதான் இருக்கிறது, நம்பர் கைவிட்டுப் போனால் அங்கேதான் இழுபடும். கூகுள் பாஸ்வேர்டைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவையோ அப்பாவையோ ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் படியில் நில்லுங்கள், அவர் அவர்களோடுதான் பேசுவார்.