கொழிஞ்சாம்பாறை டிடிபி கடையில் டெபியன்: நீண்ட நாள் அனுபவம்

கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பஞ்சாயத்துக்குப் போகும் மனு என்று தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும் கடை எங்களுடையது. கம்ப்யூட்டர்களில் ஓடுவது விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம்: முதலில் அதன் உபுண்டு வகை, இப்போது பல வருஷமாக டெபியன் வகை. கேரளப் பள்ளிகளில் ஐடி அட் ஸ்கூல் என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தின் காலத்திலிருந்தே பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள் என்பதால், வேலைக்கு வரும் பையன்களுக்கும் இது புதிதில்லை.

உபுண்டு நன்றாகவே ஓடியது. ஆனால் 2012-இல் வந்த 12.10 பதிப்பில், நம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைத் தேடினாலும் அந்தச் சொல் உபுண்டுவை நடத்தும் கனோனிக்கல் கம்பெனியின் சர்வருக்குப் போய், அமேசான் பொருள்களும் சேர்ந்து வந்தன. 2016-இல் 16.04 பதிப்பில்தான் அதை அணைத்து வைத்துக் கொடுத்தார்கள். ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் நிலப் பத்திரமும் கிடக்கும் கம்ப்யூட்டர் இது. இப்படி ஒரு முடிவை ஒரே கம்பெனி தன்னிஷ்டத்துக்கு எடுக்க முடிகிறதே என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம் சென்ட்ஓஎஸ் விவகாரம். அது ரெட் ஹேட் கம்பெனியின் லினக்ஸை ஒட்டி இலவசமாகக் கிடைத்த லினக்ஸ். ரெட் ஹேட்டை ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கி முடித்தது 2019-இல். சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை அப்டேட் வரும் என்று நம்பி சர்வர் போட்டவர்களுக்கு, 2021 கடைசியோடு சரி என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அதற்கு மாற்றாக ராக்கி லினக்ஸும் ஆல்மாலினக்ஸும் பிறந்ததே அதனால்தான். ஆரக்கிள் 2010-இல் சன் கம்பெனியை வாங்கிய அதே வருஷம் சன் நடத்திவந்த ஓபன்சோலாரிஸ் இயங்குதளத்தையும் நிறுத்தியது. பெயரும் சர்வரும் ரிலீஸ் தேதியும் ஒரே கையில் இருந்தால் இதுதான் நடக்கும்.

அதற்காக, கம்பெனி கை படாத லினக்ஸ்தான் வேண்டும் என்று நண்பர்கள் சொல்லும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அப்படி ஒன்று கிடையாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேரும் மாற்றங்களில் பெரும்பகுதியை எழுதுகிறவர்கள் இன்டெல், கூகுள், ரெட் ஹேட் போன்ற இடங்களில் சம்பளம் வாங்குபவர்கள். தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லோகித் தமிழ் ஃபாண்ட் ரெட் ஹேட் உபயம், நோட்டோ கூகுளுடையது. கொம்பையும் காலையும் அதனதன் இடத்தில் உட்கார வைக்கும் ஹார்ஃப்பஸ் மென்பொருள் வளர்ந்ததும் இந்த இரண்டு கம்பெனிகளின் சம்பளத்தில்தான். நோட்டீஸ் தலைப்புக்கு நான் விரும்பிப் போடும் மீரா இனிமை மட்டும் வேறு: சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் நம் தமிழுக்குச் செய்து கொடுத்தது. அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கெர்னலைப் பற்றி எனக்குப் பயம் குறைவு. மாற்றி வெளியிடுகிறவரும் நிரலைத் திறந்தே தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமம், அதோடு பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் பிரிந்து கிடக்கிறது. கொடுத்த கம்பெனி நாளை மனம் மாறினாலும் கொடுத்த நிரலைத் திரும்ப வாங்க முடியாது.

டெபியனில் தலைவரை வருஷா வருஷம் டெவலப்பர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்ஸ்டாலரில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை, அதாவது வைஃபை போன்ற கருவிகளை இயக்கக் கம்பெனிகள் திறக்காமல் தரும் மென்பொருளை, சேர்க்கலாமா என்பதையும் 2022-இல் ஓட்டுக்கு விட்டுத்தான் முடிவு செய்தார்கள். டெபியன் 12 முதல் பெரும்பாலான லேப்டாப்பில் வைஃபை உடனே எடுக்கிறது.

கஷ்டமும் உண்டு. மென்பொருள்கள் ஒரு படி பழசாகவே இருக்கும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய பேஜ்மேக்கர் ஃபைல்கள், யூனிகோடு அல்லாத தமிழ் ஃபாண்டில் அடித்தவை, லினக்ஸில் பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருளில் அப்படியே திறக்காது. மாற்றி எடுக்கப் பாதி நாள் போய்விடும். ஒரு பிரிண்டருக்கு இன்றும் கம்பெனி தந்த, உள்ளே பார்க்க முடியாத டிரைவர்தான்.

2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-ஐ ஒரு மெஷினில் போட்டுவிட்டேன், தமிழ்99 விசைப்பலகை உட்பட எல்லாம் சரி. ஜெராக்ஸ் பக்கம் இருக்கும் 32 பிட் மெஷினுக்கு அதில் இன்ஸ்டாலர் இல்லை. அது 12-லேயே 2028 ஜூன் வரை எல்டிஎஸ் என்ற நீண்டகால அப்டேட்டோடு ஓடும். அந்த வேலைக்கும் பணம் தருவது கம்பெனிகள்தான், ஆனால் பல கம்பெனிகள் சேர்ந்து.