பல வருடமாக ஓடும் ஒரு நண்பர்கள் குரூப்: பயன்பாட்டு அனுபவம்

போன், ஹெட்போன், மிக்ஸி என்று எதற்கெல்லாமோ அனுபவம் எழுதுகிறோம். அவை எல்லாவற்றையும்விட அதிகமாக நான் பயன்படுத்தியிருப்பது கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பைத்தான். சினிமா, கிரிக்கெட், வீட்டு ரிப்பேர், ஆபீஸ் புலம்பல் எல்லாம் அங்கேதான் கொட்டப்படுகின்றன. கையில் இருந்த போன்கள் மாறின, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குரூப் கலகலப்பாக ஓட ஜோக் சொல்லத் தெரிந்த ஆள் தேவையில்லை. சும்மா சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரி போடுகிற ஆட்கள்தான் தேவை. சமீபத்தில் ஓடியது இது:

"வாஷிங் மெஷின் மறுபடி ஆடுதுடா. கிளம்பி ஹால் வரைக்கும் வந்துருச்சு."

"என்ட்ரியே மாஸா இருக்கே."

"இன்ட்ரோ சாங் உண்டா?"

"சாங் இல்ல, சத்தம் மட்டும்தான்."

"அப்போ இப்ப வர்ற படம்தான். மெக்கானிக் என்ன சொன்னார்?"

"செகண்ட் ஹாஃப் தாங்காதுன்னார்."

இதில் எந்த வரியையும் தனியாக எடுத்து வெளியே யாரிடமாவது சொன்னால், "சரி, அப்புறம்?" என்றுதான் கேட்பார்கள். சிரிப்பைப் பற்றி ஆராய்ந்த ராபர்ட் ப்ரோவைன் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். பொது இடங்களில் மக்கள் சிரித்த தருணங்களைக் குறித்துவைத்துப் பார்த்தபோது, சிரிப்புக்கு முன்னால் சொல்லப்பட்ட பேச்சில் 10 முதல் 20 சதவீதம்தான் ஓரளவாவது நகைச்சுவை என்று சொல்லும்படி இருந்ததாம். மீதியெல்லாம் சாதாரணப் பேச்சு. எங்கள் குரூப்பில் அந்தச் சதவீதம் இன்னும் குறைவாக இருக்கும்.

அடுத்தது டைமிங். நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு நடுவே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி என்று 10 மொழிகளை வைத்துச் செய்த 2009ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. டைப் செய்து அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் இன்னார் டைப் செய்கிறார் என்று மேலே தெரிகிறதே, அதிலேயே ஒரு தனி சுவாரஸ்யம் இருக்கிறது. ஒருவன் பெயர் வரும், மறையும், மறுபடி வரும். அதற்குள் இன்னொருவன் அதே கவுன்டரைப் போட்டுவிடுவான். முதல் ஆள் பெயர் சட்டென்று மறைந்துவிடும். அவன் என்ன எழுதி அழித்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வாய்ஸ் நோட் 2013லேயே வந்துவிட்டது. எங்களிடம் அது கதை சொல்லி நண்பன் ஒருவனின் தனிச்சொத்து. படம் பார்த்துவிட்டு வந்தால் விமர்சனத்தை பார்க்கிங்கில் வண்டி எடுத்ததிலிருந்து ஆரம்பிப்பான். 2021இல் வேகமாக ஓட்டிக் கேட்கும் வசதி வந்த பிறகுதான் அவனை முழுதாகக் கேட்கவே ஆரம்பித்தோம். இரண்டு மடங்கு வேகத்தில் அவன் சோகக் காட்சியை விவரிப்பது, மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசி வரி மாதிரி இருக்கும். படத்தைவிட அது நன்றாக இருந்ததும் உண்டு.

2018 அக்டோபரில் வந்த ஸ்டிக்கர்களைப் பற்றித் தமிழர்களிடம் விளக்கவே வேண்டாம். வடிவேலு முகம் இல்லாத தமிழ் குரூப்பை நான் பார்த்ததில்லை. 2019 மே மாதக் கடைசியில் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்ததே, ஒரு சுத்தியல் படத்தின் கீழே யாரோ போட்ட பதிலில்தான் அது ஆரம்பித்தது. அன்று எங்கள் குரூப்பில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது போலவே ஆளாளுக்கு நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் நீண்டகாலப் பயன்பாட்டில் ஸ்டிக்கர் தேய்ந்துபோகிறது. இருபதாவது முறை அதே முகம் வரும்போது கண் தாண்டிப் போய்விடுகிறது. இன்றும் தேயாமல் ஓடுவது நண்பர்களின் சொந்த முகத்தில் செய்தவைதான், அதிலும் பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கும் ஒன்று.

எனக்குப் பிடிக்காதது ரியாக்‌ஷன். 2022 மே மாதம் ஆறு எமோஜியோடு வந்தது, ஜூலையில் எந்த எமோஜி வேண்டுமானாலும் போடலாம் என்றானது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் முன்பு பதிலுக்கு ஒரு வரி எழுதியாக வேண்டும், அந்த வரிதான் பேச்சை நீட்டும். இப்போது கண்ணீர் வடியச் சிரிக்கும் முகத்தை ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்த முகத்தைப் போடும்போது யாரும் உதட்டைக்கூட அசைப்பதில்லை என்பது என் சந்தேகம்.

மாறாக, 2023இல் வந்த திருத்தும் வசதி எங்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது. அனுப்பிய 15 நிமிடத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம். எழுத்துப்பிழை திருத்த என்று கொடுத்திருப்பார்கள். எங்கள் ஆள், "ஞாயித்துக்கிழமை படத்துக்கு யாரெல்லாம் வர்றீங்க?" என்று கேட்டான். வரிசையாக "நான்", "நானும்", "எனக்கும் ஒண்ணு போடு". அதன் பிறகு மேலே போய், "இந்த குரூப்பில் குறட்டை விடுபவர்கள் யார்?" என்று மாற்றிவிட்டான். ஓரத்தில் திருத்தப்பட்டது என்று காட்டும்தான், அதை யார் பார்க்கிறார்கள்?

குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம். கல்யாண அழைப்புக்கு ஆகும், கலாய்ப்பதற்கு ஆகாது. சேர்ந்து சிரிக்கும் கூட்டம் இயல்பாக மூன்று பேர் அளவில்தான் இருக்கிறது என்று ராபின் டன்பாரும் சக ஆய்வாளரும் 2012இல் எழுதினார்கள். எங்கள் குரூப்பிலும் ஒரு நேரத்தில் மூன்று பேர்தான் ஆடுவார்கள், மற்றவர்கள் கேலரி. ஆட்கள் மாறி மாறி இறங்குவதால்தான் வண்டி ஓடுகிறது.

குறைகளும் உண்டு. வெவ்வேறு நாடுகளில் இருப்பதால், ஆறு மணி நேரம் முன்பு செத்துப்போன ஜோக்குக்கு ஒருவன் விடியற்காலையில் பதில் போட்டு எழுப்புவான். உண்மையிலேயே காய்ச்சல் என்று சொன்னவனைக் கலாய்த்து, பிறகு தனியாகப் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அரசியல் வந்தால் அன்றைய தினம் போச்சு.

சத்தமில்லாமல் வெளியேறும் வசதியையும் இங்கே சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். யாராவது வெளியேறினால் அட்மினுக்கு மட்டும் தகவல் போகும். ஒரு முறை பெரிய நடிகர் யார் என்ற சண்டையில் ஒருவன் கோபித்துக்கொண்டு வெளியேறினான். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறான். மூன்றாம் நாள் அவனே எனக்குப் போன் செய்து, "நான் இல்லாதது யாருக்குமே தெரியலையாடா?" என்றான். அட்மினைக் கேட்டேன். அவன் குரூப்பை மியூட்டில் போட்டு மாதக்கணக்காகிவிட்டதாம்.