ஸ்பீக்கர் பெரிசு, செட்டிங் ‘ஸ்மால்’: நெல்லை டவுணில் ஆறு வருச அனுபவம்

எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஒட்டுச் சுவர். பட்டாசல் 16 அடி நீளம், 10 அடி அகலம். தீப்பெட்டி மாதிரியான இந்த அறையில்தான் 2019-லிருந்து 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஓடுகிறது. முன்னால் நெஞ்சுயர டவர் இரண்டு, நடுவில் சென்டர், பின்னால் 4 அங்குல ஊஃபர் வைத்த குட்டி சரவுண்டு, கனத்த அடிச்சத்தத்துக்கென்றே 10 அங்குல சப்வூஃபர் ஒன்று. இத்தனை வருசத்தில் ஒரு பெட்டியையும் மாற்றவில்லை. எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற ரிசீவரின் மெனுவில் நாலைந்து வரிகளையும் சப் இருக்கும் இடத்தையும்தான் மாற்றினேன். புது செட் வாங்கிய மாதிரி ஆகிவிட்டது.

முதல் இரண்டு வருசம் எல்லாமே ‘லார்ஜ்’. மைக் வைத்து ஆட்டோ செட்டப் ஓட்டியதும் ரிசீவரே டவருக்கு அப்படிப் போட்டது. பெரிய ஸ்பீக்கர்தானே என்று நானும் விட்டுவிட்டேன். உண்மையில் அந்தச் சொல்லுக்கும் பெட்டியின் உயரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ‘லார்ஜ்’ என்றால் அடிமட்டம் வரை எல்லாவற்றையும் அந்த ஸ்பீக்கரே பாடும். ‘ஸ்மால்’ என்றால் கிராஸ்ஓவர் எண்ணுக்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போய்விடும்.

கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மூடிய பெட்டியில், அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கொண்டுவர கோன் (ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பு) நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் ஆடினால் 40-ல் 4, 20-ல் 16. ஆறரை அங்குல ஊஃபருக்கு அது நடக்கிற காரியமா? ஆடி அல்லாடுகிற அதே கோன்தான் குரலையும் பாட வேண்டும்.

நான் எப்போதும் சோதித்துப் பார்ப்பது எங்கள் அம்மன் கோயில் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டு. ‘லார்ஜ்’ இருந்தவரை குடமும் உடுக்கும் ஒன்றோடொன்று குழம்பி, பாடுகிறவர் குரல் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி வரும். ‘ஸ்மால்’, 80 என்று வைத்த அன்றைக்குக் குடத்தின் ‘கும்’ தனியாக நின்றது, வில்லில் கட்டிய மணி தனியாகக் கேட்டது. அன்று ராத்திரி பதிவு முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன்.

இப்போது டவருக்கும் சென்டருக்கும் 80, சரவுண்டுக்கு 120. 80 என்பது தியேட்டர் ஒலிக்குத் தரம் வகுக்கிற டிஹெச்எக்ஸ் வைத்த எண். அதற்குக் கீழே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது லேசில் கண்டுபிடிக்காது. ‘எல்எஃப்இ’க்கான லோ பாஸ் ஃபில்டர் வேறு விஷயம், அதை 120-லேயே விடுங்கள். எல்எஃப்இ என்பது 5.1-ல் உள்ள அந்த ‘.1’, அடிச்சத்தத்துக்கான தனித் தடம். ஸ்பீக்கரை ‘லார்ஜ்’ போட்டாலும் ‘ஸ்மால்’ போட்டாலும் அது சப்புக்குத்தான் போகும். சப்பின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் திருகைப் பெரிய எண் பக்கம் கடைசி வரை திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ரிசீவர் ஒரு தடவை வெட்டியதை அது இன்னொரு தடவை வெட்டும்.

நடுவில் ஒரு ஆசையும் வந்தது. டவரும் சப்பும் சேர்ந்தே பாஸ் (அடிச்சத்தம்) கொடுக்கிற ஏற்பாடு. டெனானில் ‘எல்எஃப்இ ப்ளஸ் மெயின்’, யமஹாவில் ‘எக்ஸ்ட்ரா பாஸ்’, ஆன்கியோவில் ‘டபுள் பாஸ்’ என்று இருக்கும். இந்தச் சின்ன அறைக்கு அது ஒத்துவரவில்லை. பதினைந்தாம் நாள் பக்கத்து வீட்டு ஆச்சி வாசலுக்கு வந்து, “ஏய்யா, பரண்ல சட்டிபானைலாம் கிடுகிடுன்னு ஆடுதுய்யா” என்றார்கள். அன்றே எடுத்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் இடத்தால் வந்தது. நம் வெக்கையில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் போகும். 16 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 36 ஹெர்ட்ஸிலும் 10 அடி அகலத்துக்கு 57-லும் இந்த அறை தானாகவே முழங்கும். சுவரோரம் வீங்கும், நடுவில் பள்ளம் விழும். டவரை நினைத்த இடத்தில் வைக்க முடியாது, சப்பை வைக்கலாம். ‘ஸ்மால்’ போடுவதன் பெரிய லாபமே இதுதான். சோபாவை எடுத்துவிட்டு அங்கே சப்பை வைத்து, ஒரே பாஸ் துணுக்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, தரையில் தவழ்ந்து கேட்டேன். மூலையில் தொம்மென்று இருந்தது. வலது சுவரோரம், முன்சுவரிலிருந்து 5 அடியில் சமமாக வந்தது. சப்புக்கு அதுதான் இடம். சோபாவையும் பின்சுவரிலிருந்து 3 அடி முன்னால் இழுத்தேன். பீரோ கதவு மட்டும் அதிர்ந்தது. இடுக்கில் துணியை மடித்து வைத்ததும் அடங்கியது.

சப்பின் அதிர்வை டவரின் அதிர்வோடு ஒத்துப்போக வைக்கிற ஃபேஸ் சுவிட்சுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, சோபாவில் இருந்தபடி 0, 180 இரண்டையும் கேளுங்கள்; எதில் சத்தம் கூடுதலோ அதுதான் சரி. சோபாவிலிருந்து டேப்பில் 9 அடி இருக்கிற சப்பை ரிசீவர் 14 அடி என்று காட்டினால் திருத்தப் போகாதீர்கள். சப்புக்குள்ளே உள்ள சர்க்யூட்டின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது அளக்கிறது. ஆட்டோ செட்டப் சப்பின் சத்த அளவுக்கு மைனஸ் 12 டெசிபல் காட்டினால் சப்பின் வால்யூம் திருகு அதிகம் என்று அர்த்தம். குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எனக்கு மைனஸ் 4-ல் நின்றது.

ஒரு வருசம் சப்பில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் இருந்தது. போர்டு போய்விட்டது என்று சொல்லி ஒரு சர்வீஸ் கடையில் பெரிய தொகை கேட்டார்கள். தற்செயலாக கேபிள் டிவி வயரைக் கழற்றினேன். அந்த நொடியே நின்றது. எர்த் சுற்றிவந்த 50 ஹெர்ட்ஸ் அது. வயர் நடுவே அந்தச் சுற்றை அறுக்கிற ஐசொலேட்டர் போட்டபின் வரவில்லை. போர்டு மாற்றச் சொன்னால், முதலில் அந்த வயரைக் கழற்றிப் பாருங்கள்.

ராத்திரி 9 மணிக்கு மேல் சப்பை 3 டெசிபல் இறக்கிவிடுவேன். காலுக்கு ரப்பர் வைத்தும் சுவர் வழியாகப் போவது நிற்கவில்லை. ஆச்சி கட்டில் அந்தச் சுவரோரம்தான் கிடக்கிறது.