பேக்கலைட்டா, பாலித்தீனா?

குக்கர் கைப்பிடி அடுப்புச் சூட்டைத் தாங்கும். பால் பாக்கெட்டை அதே சூட்டில் காட்டினால் சுருண்டு உருகிவிடும். இரண்டும் பிளாஸ்டிக்தான், உருவான விதம்தான் வேறு.

கைப்பிடி பேக்கலைட் வகை. ஃபீனால், ஃபார்மால்டிஹைடு என்ற இரு வேதிப்பொருள்கள் வினைபுரியும்போது, ஃபீனாலின் கார்பன் வளையங்களை இணைக்கும் ஒவ்வொரு கார்பன் பாலத்துக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். இப்படிச் சிறு மூலக்கூறை வெளியேற்றியபடியே மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு போவதுதான் குறுக்கப் பலபடியாக்கல். வளையத்தில் இணைய வசதியாக மூன்று இடங்கள் இருப்பதால் நீளமாக மட்டும் போகாமல் நாலாபுறமும் வலை பின்னிக்கொள்ளும். தொல்லை, வெளியேறும் நீராவியால்தான்: கட்டி முழுக்கக் குமிழியும் ஓட்டையும். முன்பு முயன்றவர்கள் வெப்பத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். வேதியியலாளர் லியோ பேக்லண்ட் 1907-இல் வெப்பத்தைக் கூட்டி, கூடவே அழுத்தமும் கொடுத்து நுரையை அடக்கினார். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்.

பால் பாக்கெட் பாலித்தீன் வகை. இதற்கு மூலப்பொருள் எத்திலீன் வாயு மட்டும். அதன் மூலக்கூறில் இரு கார்பன்களுக்கு இடையே உள்ள இரட்டைப் பிணைப்பு திறந்து, அடுத்த மூலக்கூறைப் பிடித்துச் சங்கிலியாக நீளும், எதுவும் வெளியேறாது. 1933-இல் இங்கிலாந்தின் நார்த்விச்சில், உயர் அழுத்தச் சோதனை ஒன்றில் மெழுகு மாதிரி வெள்ளைப் பொருள் தற்செயலாகக் கிடைத்தது. திரும்பச் செய்தால் சரியாக வரவில்லை. துளியளவு ஆக்சிஜன் வினையைத் தொடங்கிவைக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பாலித்தீன் சங்கிலிகளுக்கு இடையே வேதிப்பிணைப்பு கிடையாது. அதனால் உருக்கி மறுபடி வார்க்கலாம். மறுசுழற்சி என்று பார்த்தால் என் ஓட்டு அதற்கே. உடைந்த பேக்கலைட்டை உருக்க முடியாது, கூடுதலாகச் சூடாக்கினால் கருகும். ஆனால் சுவிட்சுக்கும் கைப்பிடிக்கும் அந்தப் பிடிவாதம்தானே வேண்டும்!