பாக்கெட்டைக் காப்பியடித்தால் என்ன செய்வது? நான் போன வக்கீல் ஆபீஸ் பற்றி

விருதுநகரில் மசாலாப் பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். எங்கள் மஞ்சள் பாக்கெட்டை அப்படியே காப்பியடித்து இன்னொருவர் இறக்கினார். அதோடு, நாங்கள் மிளகாய்ப் பொடியில் சாயம் கலப்பதாக வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் அவரே செய்தியும் போட்டார். மதுரையில் சிவில் வக்கீல் ஒருவரிடம் போனேன். வக்கீல்கள் விளம்பரம் தேடக்கூடாது என்று பார் கவுன்சில் விதி இருப்பதால் பெயர் போடவில்லை.

அவர் இரண்டு பாக்கெட்டையும் அருகருகே வைக்கவே இல்லை. எங்களுடையதை ஜூனியரிடம் காட்டிவிட்டு டிராயரில் போட்டார். வேறு பேச்செல்லாம் பேசிவிட்டு, மற்றதை எடுத்து நீட்டி, "இது யாரோடது?" என்றார். அந்தப் பையன் தயங்காமல் என்னைக் கை காட்டினான். "பக்கத்துல வச்சு வித்தியாசம் தேடுறவர் கடைக்கு வர்றதில்லம்மா. அரைகுறை ஞாபகத்தோட வர்றவர் ஏமாறுவாரான்னுதான் கோர்ட் பார்க்கும்" என்றார். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது.

டிரேட்மார்க் பதியாவிட்டாலும் 'பாஸிங் ஆஃப்', அதாவது தன் சரக்கை நம் சரக்கு போலக் காட்டி விற்பதற்கு எதிரான வழக்குப் போடலாம்; 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 27ஆம் பிரிவு அந்த உரிமையைக் காக்கிறது. நம் சரக்குக்குப் பெயர் இருக்கிறது, வாங்குபவர் ஏமாறுகிறார், நமக்கு நஷ்டம் என்று காட்டினால் போதும், எதிராளி வேண்டுமென்றே செய்தாரா என்பது கட்டாயமில்லை. சாயப் புரளி அப்படியில்லை. சரக்கைப் பற்றிய பொய் என்று போனால் கெட்ட எண்ணத்தையும் நஷ்டத்தையும் நிரூபிக்க வேண்டும். ஆர்டரை நிறுத்திய கடைக்காரரிடம் கடிதம் வாங்கச் சொன்னது அதற்குத்தான். கலப்படக்காரி என்று என்னையே சொன்னதற்கு அவதூறு வழக்குத் தனி. அதற்குக் கெடு ஒரே வருடம்.

வக்கீல் காசுக்காக எல்லாவற்றையும் வழக்காக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எதிராளி விலையைக் குறைத்து விற்பதும் அநியாயம் என்றேன். "அது போட்டி. 1891லயே மொகுல் கப்பல் கம்பெனி வழக்குல லண்டன்ல முடிஞ்ச விஷயம்" என்று அதை ஒதுக்கிவிட்டார். எங்கள் அரவை மாஸ்டரை இழுத்துக்கொண்டதும் அப்படித்தான். ஒப்பந்தம் இருப்பது தெரிந்தே அதை உடைக்கத் தூண்டியிருந்தால்தான் வழக்கு நிற்குமாம்.

குறையும் உண்டு. கோர்ட் முடிந்து வருவதால் மாலையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஜூனியர் போன் எடுப்பதில்லை. நோட்டீஸை ஆங்கிலத்திலேயே கையில் கொடுத்தார்கள். வரிக்கு வரி தமிழில் கேட்டு வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன், நீங்களும் கேளுங்கள்.

நோட்டீஸ் போனதும் எதிராளி பாக்கெட் நிறத்தை மாற்றிவிட்டார். புரளிக்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு மனு தயாராகிறது. போகிறவர்கள் பழைய பில்கள், ஜிஎஸ்டி கணக்கு, பாக்கெட் அச்சடித்த சிவகாசி பிரஸ் ரசீது எல்லாம் எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப் செய்தி இருக்கிற போனை மாற்றிவிடாதீர்கள், அதைக் கோர்ட்டில் ஆதாரமாகக் காட்டச் சான்றிதழ் போட வேண்டியிருக்கும்.