துருக்கி அத்தியும் பனிக் கவசமும்: 4,500 ரூபாய் போன கதை

வீட்டில் அத்தி வளர்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள், அதிலும் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், ஐப்பசி பிறந்ததும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கிற, துருக்கி அத்திக் கன்றும் பனிக் கவசமும் விற்கிற ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் போன வருஷம் அனுப்பினேன். 4,500 ரூபாய். பெரிய தொகை இல்லை என்று நீங்கள் சொல்லலாம், என் வீட்டுக்காரி அப்படிச் சொல்லவில்லை.

விற்றவர் பெயரைப் போடப் போவதில்லை. போட்டும் பிரயோஜனம் இல்லை, நான் வாங்கும்போது நர்சரிக்கு ஒரு பெயர், மூன்று மாதத்தில் அதே நம்பரில் வேறு பெயர். பெயரை மாற்றினாலும் வித்தையை மாற்றவில்லை, அதனால் வித்தையைச் சொல்கிறேன்.

அத்திப் பைத்தியம் எனக்குப் பிடித்தது நியூஜெர்சியில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பியால். வீடியோ காலில் ஒரு தொட்டியைக் காட்டினான், நெஞ்சு உயரம்கூட இல்லாத மரம், அதில் கத்தரிக்காய் நிறத்தில் பழம். ஒன்றைப் பிய்த்துப் பிளந்து காமிரா முன்னால் நீட்டினான், உள்ளே செக்கச்செவேல் என்று. அங்கே குளிரில் எப்படிடே பிழைக்கிறது என்று கேட்டேன். மரம் இலையை எல்லாம் உதிர்த்துத் தூங்கப் போனதும் தொட்டியோடு கார் ஷெட்டுக்குள் தள்ளிவிடுவானாம். தூங்குகிற மரத்துக்கு வெளிச்சம் வேண்டாம், மண் சுக்காகக் காயாமல் மாதம் ஒரு சொம்பு தண்ணீர் போதும், குளிர் நன்றாக விட்டபிறகு வெளியே எடுப்பான். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரத் தாத்தா மரத்தைத் தரையிலேயே வைத்திருக்கிறார், அவர் கிளையை எல்லாம் சேர்த்துக் கட்டி, சாக்கு சுற்றி, உள்ளே காய்ந்த சருகு திணித்து, உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிடுவார். நியூயார்க் பக்கம் குடியேறிய இத்தாலிக்காரர்களின் பழைய வழக்கம் அது, சிலர் பள்ளம் தோண்டி மரத்தையே சாய்த்து மண்ணுக்குள் படுக்க வைப்பதும் உண்டு. தூங்குகிற அத்தி மைனஸ் ஏழு எட்டு டிகிரி வரைக்கும் தாங்கும், அதற்குக் கீழே போனால் கிளை கருகும், வேர் பிழைத்திருந்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். இதெல்லாம் அந்த ஊருக்குச் சத்தியமான விஷயம். நம்ம ஆள் இந்தச் சத்தியத்தைத்தான் இங்கே கொண்டுவந்து விற்றார்.

அவர் அனுப்பிய வீடியோவில் முழங்கால் ஆழத்துக்கு வெண்பனி, நடுவில் சாக்கு சுற்றிய மரம், அடுத்த காட்சியில் அதே மரத்தில் கொத்துக் கொத்தாகப் பழம். போன் போட்டால் தேன் மாதிரிப் பேச்சு. "அண்ணாச்சி, இது துருக்கி அத்தி, ஒட்டுக் கன்னு. ஆறே மாசத்துல காய்ச்சிரும். ஆனா மார்கழிப் பனி மேல பட்டா கன்னு பட்டுப் போயிரும், நீங்க என்னைய வையப்பிடாது. கவசமும் சேத்து வாங்கிருங்க." கன்று 850, கவசம் 600, மூன்று செட், பஸ் பார்சல் கூலி 150.

இப்போது யோசித்தால் சிரிப்பாக வருகிறது. பாளையங்கோட்டையில் பனி என்றால் மார்கழி விடியலில் வண்டி சீட்டில் நிற்கிற ஈரம், கைக்குட்டையால் துடைத்தால் போயிற்று. தம்பி ஊரில் பனி என்றால் மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், அந்த ஒரு சொல்லில்தான் என் பணம் போனது. இங்கே மார்கழி ராத்திரியிலும் 20 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம், அந்தச் சூட்டில் ஒரு அத்தி மரம் எதற்குப் போர்வை கேட்கப் போகிறது? நமக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் எதிரி மழை. 2023 டிசம்பர் 17, 18 நமக்கு மறக்குமா, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே. செடிக்கு அந்த நேரத்தில் வேண்டியது தண்ணீர் நிற்காத மண்ணும் காற்றோட்டமும்தான். நான் அதைப் பிளாஸ்டிக் போட்டு மூடினேன்.

பார்சல் வந்த அன்றைக்கே அந்த ஆளின் குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். புது பஸ் ஸ்டாண்டில் போய் எடுத்து வந்து பிரித்தால் மூன்று குச்சி. இலையே இல்லை. கூட ஒரு லேமினேட் செய்த அட்டை: "இலை உதிர்ந்த கன்று உறக்கத்தில் உள்ளது, அச்சப்பட வேண்டாம்." அம்மா ஒரு குச்சியை எடுத்து, இலை இருந்த இடத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். கடுகு அளவு வெள்ளையாக ஒரு சொட்டு, விரலில் பிசுபிசு என்று ஒட்டியது. "ஏல, இது தானா உதிர்ந்த இலை இல்ல. பிச்சிருக்கான். பாலு இன்னும் காயல, பாரு." தானாக உதிர்ந்த இலையின் தழும்பு காய்ந்து தோல் மூடியிருக்கும், பால் வடியாது. இவ்வளவு தெளிவாக ஒருத்தி சொல்கிறாள், நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒனக்கு என்னம்மா தெரியும், இது வெளிநாட்டு ரகம்."

இலையை ஏன் பிய்த்தார் என்று பிறகுதான் புரிந்தது. அத்தியில் இலைதான் ஆதார் கார்டு. சீமை அத்தி, அதாவது நான் ஆசைப்பட்ட வெளிநாட்டுப் பழ அத்தி, அதன் இலை விரித்த கை மாதிரி மூன்று, ஐந்து விரலாகப் பிளந்திருக்கும், தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. (இளங்கன்றில் முதல் ஒன்றிரண்டு இலை விரல் இல்லாமலும் வரும், ஆனால் அந்தச் சொரசொரப்பு இருக்கும்.) நாட்டு அத்தி இலை மாவிலை போல நீள்வட்டம், விளிம்பில் வெட்டே கிடையாது. இலையோடு அனுப்பினால் பத்து வயதுப் பையன்கூட வித்தியாசம் கண்டுபிடிப்பான்.

அட்டையில் இன்னும் இரண்டு வரி இருந்தது. கேரண்டி 90 நாள். கவசத்தைத் தை மாதக் கடைசி வரை பிரிக்கக் கூடாது, பிரித்தால் கேரண்டி செல்லாது. ஐப்பசி முதல் வாரத்தில் வாங்கிய கன்றுக்கு 90 நாள் எப்போது முடியும்? தைப்பொங்கல் முடிந்த கையோடு. பிரிக்கலாம் என்று அவர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே கேரண்டி செத்துவிடும். நான் பேங்க் வேலைக்காரன், தினமும் வட்டிக் கணக்கு பார்க்கிறவன், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

கவசம் என்றால் என்ன? வெள்ளி நிறப் பிளாஸ்டிக் தாள், ஒரு சாக்குத் துண்டு, ஒரு கைப்பிடி தேங்காய் நார், சணல் கயிறு. டவுனில் 80 ரூபாய்க்கு எல்லாம் வாங்கிவிடலாம். அட்டையில் போட்ட படி நாரைத் திணித்து, சாக்கு சுற்றி, மேலே தாளைச் சுற்றிக் கட்டி மொட்டை மாடியில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ராக்கெட் என்றார்கள். பின்னால் தம்பியிடம் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான், அங்கேயே பிளாஸ்டிக்கை மரத்தை ஒட்டிச் சுற்ற மாட்டார்களாம், வெயில் அடித்தால் உள்ளே வெந்துபோகும், ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும் என்று. குளிர் ஊரிலேயே அப்படி என்றால் நம்ம ஊர் மொட்டை மாடியில் கேட்கவா வேண்டும்.

மார்கழி நடுவில் மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் மாடிக்குத் துணி காயப்போடப் போன என் வீட்டுக்காரி கீழே வந்து, "ஒங்க ராக்கெட்டு நாறுது" என்றாள். போனேன். தாளை அவிழ்த்ததும் காபி நிறத்தில் தண்ணீர் காலில் கொட்டியது, நார் கூழாகியிருந்தது, கட்டெறும்பு கூட்டமாக ஓடியது. முதல் கன்றைத் தொட்டேன், பட்டை அவித்த பனங்கிழங்குத் தோல் மாதிரி விரலோடு உரிந்து வந்தது. இரண்டாவதை மெதுவாக இழுத்தேன், சேற்றில் குத்திய குச்சி போல எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. அடியில் ஒரு வேர் இல்லை. கத்தியால் சரிவாக வெட்டிய வெட்டு அப்படியே இருந்தது. கன்று என்று அவர் விற்றது, பையில் சொருகிய வெறும் கிளை.

மூன்றாவது உயிரோடு இருந்தது. தாள் கிழிசல் வழியாக வெளிறிய தளிர் ஒன்று ஒரு முழ நீளத்துக்கு வெளிச்சம் தேடி நீட்டியிருந்தது. ஒட்டுக்கட்டிய இடம் என்று பச்சை டேப் சுற்றியிருந்தார்கள், அதை பிளேடால் கீறி எடுத்தேன். ஒட்டு என்றால் அங்கே ஒரு புடைப்பு, சொருகிய தழும்பு, மேலும் கீழும் பட்டையில் கொஞ்சமாவது நிற வித்தியாசம் தெரிய வேண்டும். டேப்புக்குக் கீழே வழுவழு என்று ஒரே பட்டை. வெறும் தண்டில் டேப்பைச் சுற்றி 850 ரூபாய்.

பத்து நாளில் தளிர் இலையானது. அம்மா பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அட, இது நம்ம ஆத்தங்கரை அத்தில்லா!" அவள் பிறந்தது சேரன்மகாதேவி, தாமிரபரணிக் கரையில் இந்த மரத்தடியில் விளையாடியவள். அடிமரத்திலும் பெருங்கிளையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று பழமொழியே இருக்கிறதே, அதே அத்தி. நல்ல மரம்தான், குருவிக்கும் வௌவாலுக்கும் அன்னதானம் செய்கிற மரம். ஆனால் நான் கேட்டது அது இல்லையே. சீமை அத்தி இலைக் கணுவில் ஒன்று ஒன்றாகக் காய்க்கும், நம் நாட்டில் வீட்டுக்கு வளர்க்கிற ரகங்களுக்குக் குளவி வந்து மகரந்தம் சேர்க்க வேண்டியதும் இல்லை. விளம்பர வீடியோவில் பழம் கொத்துக் கொத்தாக இருந்ததே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படித்த ஒரு தம்பி இன்னொன்று சொன்னான். சீமை அத்தியை நாட்டு அத்தி வேரின் மேல் ஒட்டுவது உண்மையாகவே உள்ள முறை, வேரில் நூற்புழு தொல்லை இருக்கிற மண்ணுக்காகச் செய்வது. அதனால் அந்த ஆளிடம் கேட்டால், "அடி வேர் நாட்டு அத்திதான் அண்ணாச்சி, மேல ஒட்டு நீங்க அழுக விட்டுட்டீங்க" என்று சொல்வார் பாருங்கள் என்றான். போன் போட்டேன். அச்சு அசலாக அதையேதான் சொன்னார், கூடவே "பிரிச்சிட்டீங்களே, இனி கேரண்டி எப்படித் தர முடியும்?" டேப் எடுத்த தண்டின் போட்டோவை அனுப்பினேன். இரண்டு நீல டிக். அதற்குப் பிறகு அத்தி பூத்தாற்போலக்கூட அவர் போனை எடுக்கவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசினேன், பொறுமையாகக் கேட்டுப் பில் இருக்கிறதா, விற்பனையாளர் முகவரி என்ன என்றார்கள். என்னிடம் இருந்தது ஒரு தனிநபர் நம்பருக்கு ஜிபே செய்த ரசீது, கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, ஆனால் யார் மேல் போடுவது, எந்த முகவரிக்கு நோட்டீஸ் போகும்? அந்த இடத்தில் நின்றுவிட்டேன். பில்லும் முகவரியும் தராதவரிடம் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட வாங்காதீர்கள்.

அத்தி ஆசை மட்டும் போகவில்லை. விசாரித்தால், நம் நாட்டில் சீமை அத்திக்குப் பேர்போன இடம் புனேப் பக்கத்துப் புரந்தர், அந்த அத்திக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பூனா அத்தி, டயானா, பிரவுன் டர்க்கி என்று ரகப் பெயர் சொல்லிக் கேளுங்கள், வெறும் துருக்கி என்று சொன்னால் நகர்ந்துவிடுங்கள். அதைவிட நல்லது, காய்க்கிற மரம் வைத்திருக்கிறவரிடம் ஒரு கிளை கேட்பது. பெருமாள்புரத்தில் என்கூட வேலை பார்த்த அக்கா வீட்டில் மரம் இருந்திருக்கிறது, இத்தனை நாள் எனக்குத் தெரியாது. பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் நாலு குச்சி வெட்டித் தந்தார், காசு வாங்கவில்லை. செம்மண்ணும் மணலும் கலந்த பையில் நட்டு நிழலில் வைத்தேன், ஒன்றரை மாதத்தில் மூன்று குச்சி வேர் பிடித்தது. முதல் இரண்டு இலை மொட்டை, மூன்றாவது இலை அழகாக விரல் விரித்து வந்தது, அம்மாதான் முதலில் தடவிப் பார்த்தாள்.

இந்த மழைக்கு நான் செய்தது இவ்வளவுதான்: தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து ஓட்டையில் தண்ணீர் தடையில்லாமல் போகிறதா என்று பார்த்தேன், இலைக்கு அடியில் துரு மாதிரிப் பழுப்புப் பொடி கண்ட இலைகளைக் கிள்ளி எரித்தேன், சுவரை விட்டுக் கொஞ்சம் நகர்த்தி காற்று படவைத்தேன். மழை விட்டதும் தையில் கிளையைக் கவாத்து செய்யலாம் என்று அந்த அக்கா சொல்லியிருக்கிறார், புதுத் தளிரில்தான் காய் பிடிக்கும், கோடையில் பழுப்பதுதான் இனிக்கும், மழையில் பழுத்தால் சப்பென்று இருக்குமாம்.

850 ரூபாய் நாட்டு அத்தியைச் சேரன்மகாதேவியில் மாமா வயலோரம் வாய்க்கால் கரையில் வைத்தோம், வீட்டோரம் வைத்தால் வேர் செப்டிக் டேங்கை உடைத்துவிடும் என்று அம்மா சொல்லிவிட்டாள். தோள் உயரத்துக்கு வந்துவிட்டது.

போன வாரம் மைனி ஒரு ஸ்டேட்டஸைக் காட்டினாள். அதே நம்பர், மூன்றாவது பெயர். இந்தத் தடவை காஷ்மீர் ஆப்பிள் கன்று, பனிக் கவசம் இலவசம். ரெண்டு கன்றுக்கு 500 ரூபாய் அட்வான்ஸ் போட்டுவிட்டாளாம். திருப்பிக் கேட்கச் சொன்னேன், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.